வாகனத் தடையா, வண்டிமுறையா?

மெக்சிகோ நகரத்தைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் ‘கார்களுக்கு வாரம் ஒரு நாள் தடை’ என்றே வருகிறது. டெல்லிக்கும் அதே சொல். இங்கே குமரி மாவட்டத்தில் டாரஸ் என்னும் கனரக லாரிகள் பள்ளிக்கூட நேரத்தில் ஓடக் கூடாது என்றாலும் ‘தடை’தான்.

தடு என்ற வினையிலிருந்து தடை. கொடு கொடையானது போல. வழக்கில் தடை என்றால் அடியோடு கூடாது என்பதே முதலில் தோன்றும்: பிளாஸ்டிக் பைக்குத் தடை, கட்சிக்குத் தடை. 1989 நவம்பரில் மெக்சிகோவில் வந்த ‘ஓய் நோ சிர்க்குலா’ அப்படியல்ல. பெயருக்குப் பொருளே ‘இன்று ஓடாது’. நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பார்த்து, திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் வண்டி வீட்டில் கிடக்க வேண்டும் என்றுதான் அது தொடங்கியது. மற்ற நாளில் அப்போது தாராளமாக ஓட்டலாம். 2016 ஜனவரியில் டெல்லியில் வந்த ஒற்றைப்படை, இரட்டைப்படை ஏற்பாடும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அதிலும் இருசக்கர வண்டிகளுக்கு விலக்கு. இதிலே தடை எங்கே இருக்கிறது?

நம்மிடம் சொல் இருக்கிறது: முறை. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் குறைந்தால் கால்வாயில் முறை வைத்துத்தான் விடுவார்கள். கால்வாய் முடிகிற கடைவரம்பு விவசாயி ‘நம்ம முறை எப்போ?’ என்றுதான் கேட்பார். கோயிலில் பூசைமுறை, ஒண்டுக்குடித்தனத்தில் முறைவாசல். ஆகவே வண்டிமுறை என்கிறேன். முறைக்குப் பொருள் அதிகம், குழப்பும் என்பார்கள். முறைப்பெண்ணையும் முறைவாசலையும் இதுவரை யாரும் குழப்பிக்கொண்டதில்லை.

‘கட்டுப்பாடு’ போதாதா? பொதுவாகச் சொல்லப் போதும். ஆனால் வேகத்துக்கும் அதுதான், நோய்க்கும் அதுதான், குடும்பத்துக்கும் அதுதான். இந்த ஏற்பாட்டையே ‘ஓட்டுநர் கட்டுப்பாடு’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். டிரைவர் தண்ணி அடிக்காமல் இருப்பதைச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துப் போடுவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

சொல் பிசகினால் விளைவும் புரியாது. தடை என்று படிப்பவர், காரும் குறைந்து நெரிசலும் தீர்ந்திருக்கும் என்று நினைப்பார். மெக்சிகோவில் வசதியுள்ளவர்கள் வேறு எண்ணில் முடியும் இரண்டாவது கார் வாங்கினார்கள். அதிலும் புகை கக்கும் பழைய கார்கள். காற்று சுத்தமானதற்குச் சான்றில்லை, மொத்த வண்டிகள் கூடின என்றது பொருளியலாளர் லூகாஸ் டேவிஸ் 2008இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே வீட்டுக்காரர் இரண்டு பேருடைய முறையை எடுத்துக்கொண்டார் என்றால் குமரி விவசாயிக்கு உடனே விளங்கும். அவர் பார்க்காத திருட்டா!

அப்புறம் இந்த ‘நெருக்கடிக் கட்டணம்’. 2003 பிப்ரவரியில் லண்டன் நகர நடுவே நுழையும் வண்டிக்கு 5 பவுண்டு வாங்கத் தொடங்கியதே, அதற்கு வைத்த பெயர். நெருக்கடி என்றால் எனக்கு 1975 எமர்ஜென்சிதான் நினைவுக்கு வரும். நெரிசல் கட்டணம் என்றால் தீர்ந்தது. கழுத்தை நெரிக்கிற அதே நெரி. ஸ்டாக்ஹோமில் சட்டப்படியே அது வரி, அங்கே நெரிசல் வரி என்பதுதான் சரி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுபவர்களே அதிகம். மார்த்தாண்டத்தில் பஸ் நின்றுவிட்டால் நாங்கள் ‘ப்ளாக்’ என்போம். தமிழல்ல, எழுத்தில் ஏற்கவும் மாட்டேன். ஆனாலும் ‘போக்குவரத்து நெருக்கடி’யைவிட அது எவ்வளவோ தெளிவு.