கண் துள்ளும்போது உலகம் ஏன் ஆடுவதில்லை?

ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் கண்ணின் வெளி ஓரத்தில், இமையின் மேல் விரல் நுனியை வைத்து மெதுவாக, ரொம்பவே மெதுவாக, ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். (கான்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்கள், கண்ணில் ஏதாவது சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதைச் செய்ய வேண்டாம், படித்தாலே போதும்.) எதிரே இருக்கும் சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் சேர்ந்து ஒரு குலுக்கு குலுங்கும்.

இப்போது விரலை எடுத்துவிட்டு, அதே கண்ணால் கதவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பாருங்கள். விரல் தள்ளியதைவிடப் பல மடங்கு தூரம் கண் நகர்கிறது, விழித்திரையில் விழும் படமும் அதே அளவுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் சுவர் மட்டும் துளிகூட அசையவில்லை.

இரண்டு தடவையும் கண்ணுக்குள் நடந்தது ஒன்றேதான். படம் இடம் மாறியது. ஒரு தடவை உலகம் ஆடியது, இன்னொரு தடவை ஆடவில்லை. வித்தியாசம் எங்கே என்றால், கண்ணை யார் நகர்த்தினார்கள் என்பதில்தான். கண் தசைகளுக்கு மூளை கட்டளை கொடுத்து நகர்த்தினால் அது மூளைக்கு முன்கூட்டியே தெரியும். விரல் தள்ளினால் அந்தக் கட்டளை போகவே இல்லை, அதனால் "படம் நகர்கிறது, நான் ஒன்றும் செய்யவில்லை, அப்படியென்றால் சுவர்தான் நகர்கிறது" என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவுதான்.

இந்தக் கணக்கை மூளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுகிறது தெரியுமா? விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சின்னது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் நமக்கு எந்த நேரத்திலும் தெளிவாகத் தெரிவது. மீதியெல்லாம் மங்கல். அதனால் அந்தச் சின்னப் பகுதியை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நொடிக்குச் சுமார் 3 தடவை கண் துள்ளுகிறது. இந்தத் துள்ளலுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் சாக்கேட். 16 மணி நேரம் விழித்திருந்தால் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஆகிவிடும், இதயத் துடிப்பைவிட இதுவே அதிகம். பெரிய துள்ளல்களில் கண் நொடிக்கு 500 டிகிரி வேகத்தைத் தாண்டும்.

இதில் ஒன்றுகூட நம் கண்ணில் படுவதில்லை என்பதுதான் வேடிக்கை. கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், அப்புறம் வலது கண்ணை, மறுபடி இடது கண்ணை. கண் நகர்வது தெரிகிறதா? தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது. செல்போனின் முன்பக்கக் கேமராவில் இதையே செய்து பார்த்தால் நகர்வது தெரிந்துவிடும், ஏனென்றால் திரையில் படம் கொஞ்சம் தாமதமாக வருகிறது. கண் துள்ளி முடித்து நின்ற பிறகு, அது துள்ளிய காட்சி வந்து சேர்கிறது.

துள்ளும் நேரத்தில் பார்வையை மூளை மட்டுப்படுத்தி வைக்கிறது. முழுவதுமாக அணைத்துவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்துத் தண்டவாளத்தின் கட்டைகளைப் பாருங்கள், எல்லாம் ஒரே கோடாக இழுபட்டுத் தெரியும். ரயில் போகும் திசைக்கு எதிர்த்திசையில், பின்னோக்கிச் சட்டென்று கண்ணைத் திருப்பினால், கண்ணின் வேகமும் கட்டைகள் பின்னால் ஓடும் வேகமும் ஒத்துப்போகும் ஒரு கணத்தில், ஒரு கட்டை அதன் கல்லோடும் ஆணியோடும் பளிச்சென்று நின்று தெரிந்துவிட்டு மறையும். பார்வை அணைந்திருந்தால் இது எப்படித் தெரியும்? துள்ளலின்போது வரும் இழுபட்ட படத்தை அதற்கு முன்னும் பின்னும் வரும் தெளிவான படங்களே ஓரளவு மறைத்துவிடுகின்றன. இதில் மறைப்பின் பங்கு எவ்வளவு, மூளையின் கட்டளை செய்யும் வேலை எவ்வளவு என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

மறைந்த அந்த நேரத்தை மூளை என்ன செய்கிறது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. நொடிமுள் டக் டக்கென்று குதிக்கும் கடிகாரத்தின் மேல் சட்டென்று பார்வையைத் திருப்புங்கள். முதல் நொடி மட்டும் கொஞ்சம் நீளமாகத் தோன்றும், சில சமயம் கடிகாரம் நின்றுவிட்டதோ என்றுகூடத் தோன்றும். 2001இல் கீலன் யாரோவும் சக ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்தார்கள். கண் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்த காட்சியை, கண் கிளம்பிய நேரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்ததாக மூளை பின்தேதியிட்டுப் பதிவு செய்துகொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

சரி, கட்டளை பற்றி மூளைக்கு முன்கூட்டியே தெரியும் என்று சொன்னேன். அது வெறும் ஊகமா, உண்மையிலேயே அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதா? இதைக் காட்டிக்கொடுத்தது ஒரு ஈ.

1950இல் ஜெர்மனியில் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட், ஹோர்ஸ்ட் மிட்டல்ஷ்டெட் என்ற இருவர், பார்ப்பதற்குத் தேனீ மாதிரி இருக்கும் ஒரு வகை ஈயை எடுத்துக்கொண்டார்கள். செங்குத்துக் கோடுகள் போட்ட உருளைக்குள் அதை விட்டு உருளையை வலப்பக்கம் சுழற்றினால் ஈயும் வலப்பக்கம் திரும்பும். காட்சி நகர்ந்தால் கூடவே திரும்புவது அதன் அனிச்சைச் செயல், காற்று தள்ளினாலும் திசை மாறாமல் இருக்க அது உதவுகிறது. சிக்கல் என்னவென்றால், ஈ தானாக இடப்பக்கம் திரும்பினாலும் கண்ணில் படும் கோடுகள் வலப்பக்கம் ஓடுமே. அப்போது இதே அனிச்சைச் செயல் அதைப் பழைய திசைக்கே இழுத்துவிட வேண்டும். ஈயால் திரும்பவே முடியாமல் போக வேண்டும். ஆனால் ஈக்கள் நினைத்தபடி திரும்புகின்றன. தானாக நகரும்போது அந்த அனிச்சைச் செயல் அணைந்துவிடும் என்பதுதான் அன்றைக்கு இருந்த விளக்கம்.

ஈயின் கழுத்து மெல்லியது. அவர்கள் அதன் தலையை 180 டிகிரி முறுக்கி, மேல் கீழாகவும் இடம் வலமாகவும் மாற்றி, அப்படியே ஒட்டிவிட்டார்கள். (கொடுமைதான். அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களில் இதைவிட மோசமானதெல்லாம் நடந்திருக்கிறது.) பழைய விளக்கம் சரி என்றால், ஈ தானாக நடக்கும்போது கண் எப்படி இருந்தாலும் கவலையில்லை, அனிச்சைச் செயல்தான் அணைந்திருக்கிறதே, அது சாதாரணமாக நடக்க வேண்டும். நடக்கவில்லை. ஓர் அடி எடுத்து வைத்ததும் சுற்ற ஆரம்பித்தது, நிறுத்த முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

இதிலிருந்து அவர்கள் கண்டுகொண்டது இதுதான். கால்களுக்கோ இறக்கைகளுக்கோ ஒரு கட்டளை போகும்போது அதன் நகல் ஒன்று கண் சம்பந்தப்பட்ட பகுதிக்கும் போகிறது. "நான் இடப்பக்கம் திரும்புகிறேன், கோடுகள் வலப்பக்கம் இவ்வளவு ஓடும், கண்டுகொள்ளாதே" என்பதுதான் அந்த நகலின் சாரம். கண்ணிலிருந்து வருவதோடு நகலைக் கழித்துப் பார்த்து மீதி பூஜ்ஜியம் என்றால் எல்லாம் சரி. தலை முறுக்கிய ஈக்குக் கோடுகள் எதிர்ப்பக்கம் ஓடுகின்றன, கழித்தால் பூஜ்ஜியம் வராமல் இரட்டிப்பாகிறது. அந்த மீதியைச் சரிக்கட்ட அது இன்னும் திரும்புகிறது, திரும்பத் திரும்ப மீதி கூடுகிறது. அதே 1950இல் அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெரி, கண் தலைகீழாகத் திருப்பி வைக்கப்பட்ட மீன்கள் வட்டமடிப்பதைப் பார்த்து, தனியாக இதே முடிவுக்கு வந்தார்.

நம்மிடமும் இது இருக்கிறதா என்று பார்க்க, அறுவை ஏதும் வேண்டாம். சாதாரண மேசை விளக்கைச் சில நொடிகள் பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள். (சூரியனைப் பார்க்க வேண்டாம்.) இருட்டில் விளக்கின் பின்பிம்பம் மிதக்கும். அது விழித்திரையில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. கண்ணை வலப்பக்கம் திருப்பினால் பிம்பமும் வலப்பக்கம் போகும். விரலால் கண்ணை மெல்லத் தள்ளினால் பிம்பம் போகாது, இருந்த இடத்திலேயே நிற்கும். முதலாவதில் கட்டளையின் நகல் வந்திருக்கிறது, படமோ வழுக்கவில்லை, அப்படியென்றால் பொருளும் கண்ணோடு சேர்ந்து நகர்ந்திருக்க வேண்டும். இரண்டாவதில் நகலும் இல்லை, வழுக்கலும் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த மாதிரி விஷயங்களை எழுதி வைத்திருக்கிறார். கண் தசை செயலிழந்த நோயாளி வலப்பக்கம் பார்க்க முயன்றால், கண் அசையாது, உலகம் மட்டும் வலப்பக்கம் தாவும் என்பதும் அவர் குறிப்பிட்டதுதான்.

நகல் போகும் வழியைக்கூட இப்போது கண்டுபிடித்துவிட்டார்கள். 2002இல் மார்க் சாமரும் ராபர்ட் வுர்ட்ஸும் குரங்குகளில், நடுமூளையில் கிளம்பி, மூளையின் உள்ளே தகவல்களைக் கடத்திவிடும் தாலமஸ் என்ற பகுதி வழியாக மூளையின் முன்பகுதிக்குப் போகும் ஒரு பாதையைக் காட்டினார்கள். அதற்கும் முன்னால் 1992இல் வந்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது: குரங்கின் மூளையில் சில நியூரான்கள் (நரம்பு செல்கள்), கண் துள்ளிய பிறகு பார்வையில் தாங்கள் கவனிக்கும் பகுதிக்குள் என்ன வந்து விழப்போகிறதோ அதற்கு, கண் நகர்வதற்கு முன்பே வேலை செய்ய ஆரம்பித்துவிடுகின்றன.

புறாவுக்கு வேறு வழி. நடக்கும்போது அது தலையை ஆட்டுகிறது என்று நாம் நினைக்கிறோம். மெதுவாக ஓட விட்ட வீடியோவைப் பாருங்கள், தலையை முன்னால் தள்ளி அப்படியே காற்றில் நிறுத்திவிடுகிறது, உடம்பு மட்டும் நடந்து வந்து தலையை எட்டிப் பிடிக்கிறது. படம் வழுக்காமல் இருக்கத் தலையையே நிறுத்தி வைக்கும் உத்தி இது. 1978இல் பேரி ஃப்ராஸ்ட் புறாவை டிரெட்மில்லில் நடக்கவிட்டார். கால் நடக்கிறது, சுற்றியிருக்கும் காட்சி நகரவில்லை. தலையாட்டமும் நின்றுபோனது.

இந்த நகல் விஷயம் கண்ணோடு நிற்பதில்லை. சுவர்க்கோழியின் காது அதன் முன்கால்களில் இருக்கிறது, சத்தம் வருவது இறக்கைகளை உரசுவதால். பக்கத்திலேயே 100 டெசிபலுக்கும் மேல் கத்திக்கொண்டு, கத்தலுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் வேறு சத்தங்களையும் அது கேட்க வேண்டும். காது மரத்துப்போக வேண்டாமா? கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் பூலெட், பெர்தோல்ட் ஹெட்விக் இருவரும் இதற்குப் பதில் கண்டுபிடித்தார்கள். இறக்கைக்குக் கட்டளை போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு குறிப்பிட்ட நியூரான் கேட்கும் நரம்புகளை அந்தக் கணத்துக்கு மட்டும் அடக்கி வைக்கிறது. ஓர் இறக்கையை எடுத்துவிட்டு, சத்தமே வராதபடி செய்தாலும் அடக்குவது நடக்கிறது. ஆக, அடக்குவது சத்தமில்லை, கட்டளைதான். ஒரு ஜோடி நியூரான் இந்த வேலையைப் பார்க்கிறது என்று 2006இல் அவர்கள் காட்டினார்கள்.

நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். சாரா ஜெய்ன் பிளேக்மோர் லண்டனில் செய்த சோதனைகளில், ஒரு கையால் ரோபோவின் கைப்பிடியை நகர்த்தினால் ரோபோ அதே அசைவை மறு உள்ளங்கையில் பஞ்சால் செய்யும். உடனுக்குடன் செய்தால் கூச்சம் குறைவு. நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று தாமதத்தைக் கூட்டக் கூட்டக் கூச்சமும் கூடியது. தன் கைதான், தன் அசைவுதான், ஆனால் நகல் சொன்ன நேரத்துக்கு வராததால் மூளை அதை வேறு யாரோ தொடுவதாகவே எடுத்துக்கொள்கிறது.

இதன் இன்னொரு விளைவைப் பிள்ளைகள் சண்டையில் பார்க்கலாம். "நான் லேசாத்தான் அடிச்சேன், அவன்தான் பலமா அடிச்சான்" என்று இரண்டு பேருமே சொல்வார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 2003இல் சுக்விந்தர் ஷெர்கில்லும் குழுவினரும் இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் விரலை மற்றவர் கருவி மூலம் அழுத்த வேண்டும், வாங்கிய அதே அளவு அழுத்தத்தைத்தான் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். மற்றவருக்கும் அதே விதி சொல்லப்பட்டிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏறிக்கொண்டே போனது. தான் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதியை நகல் கழித்துவிடுகிறது, அதனால் அது குறைவாகத் தெரிகிறது, சமமாகக் கொடுக்கிறேன் என்று நினைத்து ஒவ்வொருவரும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். நேரடியாக விரலால் அழுத்தாமல் ஜாய்ஸ்டிக் வழியாக அழுத்தச் சொன்னபோது இந்தப் பிழை காணாமல் போயிற்று.

நகல் சரியாக வேலை செய்யாதவர்களும் இருக்கிறார்கள். மனச்சிதைவு நோயில் காதில் குரல்கள் கேட்பது, தன் மனதுக்குள் ஓடும் பேச்சுக்கு "இது என்னுடையது" என்ற நகல் போய்ச் சேராததால் இருக்கலாம் என்று ஒரு கருத்து நீண்ட நாளாக உண்டு. அப்படிக் குரல்கள் கேட்பவர்களைப் பிளேக்மோர் சோதித்தபோது, தாங்களே தொட்டாலும் மற்றவர் தொட்டாலும் அவர்களுக்குக் கூச்சம் ஒரே மாதிரிதான் இருந்தது. ஷெர்கில் இரண்டு வருடம் கழித்து மனச்சிதைவு உள்ளவர்களிடம் அழுத்தச் சோதனை செய்தார். வாங்கிய அழுத்தத்தைத் திருப்பிக் கொடுப்பதில், நோய் இல்லாதவர்களைவிட அவர்கள்தான் துல்லியமாக இருந்தார்கள்.