அம்மாவின் கடைவாய்ப் பல்லும் தள்ளிப்போட்ட மாதங்களும்

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கோவிட் பரவலால் சிங்கப்பூர் வீட்டுக்குள் அடங்கியிருந்தபோது, பல் மருந்தகங்கள் அவசரச் சிகிச்சைக்கு மட்டுமே ஆட்களைப் பார்த்தன. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் என் அம்மா போகவில்லை. கீழ்க்கடைவாயில் வலி. தேக்கா சந்தையில் வாங்கிய கிராம்பை அந்தப் பல்லில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் முகக்கவசத்தைக் கழட்டிட்டு வாயைத் திறக்கிற இடம்ப்பா அது. கிருமி அடங்கட்டும், போறேன்" என்றார்.

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. பல்லைக் குடையும் கருவி நிமிடத்துக்கு 2 லட்சம் முறைக்கு மேல் சுழலும். அந்தச் சூட்டில் பல் கெடாமலிருக்க நீர் பீய்ச்சுவார்கள். நீரும் எச்சிலும் கலந்து சாரலாகத் தெறிக்கும். பெரிய துளிகள் உடனே விழுந்துவிடும், நுண்துளிகள் காற்றில் மிதக்கும். வாயருகே பிடிக்கும் உறிஞ்சுகுழாய் இவற்றில் பெரும்பகுதியை அங்கேயே இழுத்துவிடும். மிச்சத்தைக் காற்றோட்டம் பார்த்துக்கொள்ளும். அறைக்காற்று மணிக்கு 6 முறை மாறினால் மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு வெளியேற சுமார் 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம். ஒருவர் எழுந்து போனதும் அடுத்தவரை உடனே அழைக்காமல் காக்கவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பல்லுக்குள் நடந்துகொண்டிருந்ததுதான் அம்மாவின் கணக்கில் வரவில்லை. கிராம்பிலுள்ள யூஜெனால் நரம்பை மரத்துப்போகச் செய்யும், சொத்தையை நிறுத்தாது. பாக்டீரியா பல்லின் மேலோடான எனாமலைத் தாண்டி, உள்ளே நரம்பும் ரத்தக்குழாய்களும் இருக்கும் மென்திசுவான பல்கூழை எட்டியதும் அந்தக் கூழ் வீங்கும். கையில் அடிபட்டு வீங்கினால் தோல் விரிந்துகொடுக்கும். பல்கூழோ கெட்டியான சுவர்களுக்குள் அடைபட்டது. விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். சில நாள் கழித்து வலி சட்டென்று நின்றால் பலரும் நிம்மதி அடைகிறார்கள். உள்ளே நரம்பு செத்துப்போனதாலும் வலி நிற்கலாம்.

என்னை மிகவும் உலுக்கியது மரப்பு ஊசி பற்றிய உண்மை. அந்த ஊசியில் இருக்கும் மருந்தான லிடோகெயின் வேலை செய்ய, நரம்பைப் போர்த்திய கொழுப்புப் படலத்தை ஊடுருவ வேண்டும். மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகளால்தான் அது முடியும். அமிலம் கூடக்கூட பிஎச் என்ற அளவு இறங்கும். நலமான திசுவின் பிஎச் அளவு 7.4, அங்கே மருந்தில் ஏறக்குறைய கால்பங்கு அந்த வடிவில் இருக்கும். கிருமியால் வீங்கி அழற்சி கண்ட இடத்தில் அமிலம் கூடும். பிஎச் 6.4 ஆக இறங்கினால் அந்தக் கால்பங்கு வெறும் 3 விழுக்காடாகச் சுருங்கிவிடும். மருந்தும் அளவும் அதேதான், ஆனால் சரியாக மரக்காது. வலிக்குமே என்று பயந்து தள்ளிப்போட்டவருக்கு, தள்ளிப்போட்டதாலேயே வலிக்கிறது. அந்த வலியை மூளை அழுத்தமாகப் பதிந்துகொள்ளும். அடுத்த முறை மருந்தக வாடை பட்டதுமே நெஞ்சு படபடக்கும். பதற்றமாக இருக்கும்போது அதே வலி இன்னும் கூடுதலாகத் தெரியும்.

ஜூலையில் அம்மாவைச் சம்மதிக்கவைத்தேன். பயப்படுகிறார் என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். மருத்துவர் முகக்கவசத்துக்கும் முகத்தடுப்புக்கும் பின்னாலிருந்து நிதானமாகப் பேசினார். வீக்கத்துக்கு எட்டத்தில், தாடையின் பின்பக்கம் நரம்பு போகும் வழியில் ஊசி போட்டார். "வலிச்சா இடது கையைத் தூக்குங்கம்மா, நிறுத்திடுறேன்" என்றார். நிறுத்தும் உரிமை தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பதற்றம் தணியும். அம்மா இரண்டு முறை கை தூக்கினார். இரண்டு முறையும் கருவி நின்றது.