பென் டிரைவில் பயணிக்கும் அஞ்சல் பெட்டி

வளைகுடா வேலைக்குச் சென்ற மகனுக்குச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட் நகலையும் மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ உள்ள பிரவுசிங் சென்டரில் இருந்து மின்னஞ்சலில் அனுப்பும் பெற்றோர் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர் உண்டு. அவர்கள் எழுந்து சென்ற பிறகும் அந்த நகல் கணினியில் தங்கிவிடலாம். கணக்கிலிருந்து வெளியேற மறந்தால் அஞ்சல் முழுவதும் அடுத்தவர் கண்ணில் படும். பென் டிரைவிலிருந்தே இயங்கும் மின்னஞ்சல் நிரல் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது.

தண்டர்பேர்ட் அத்தகைய மின்னஞ்சல் நிரல். வழக்கமாக நிறுவப்படும்போது அது கணக்கு விவரங்கள், அஞ்சல்கள், கடிதங்களைப் பூட்டித் திறக்கும் திறவிகள் ஆகியவற்றைக் கணினியின் பயனர் கோப்புறைக்குள் சேமிக்கிறது. அதன் போர்ட்டபிள் பதிப்போ இவை அனைத்தையும் பென் டிரைவிலேயே வைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் அஞ்சல் கோப்புறையும் ஒரே பெரிய கோப்பாகச் சேமிக்கப்படுவதாலும், பென் டிரைவில் கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதாலும், பென் டிரைவை முதலில் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிவிடுவது நல்லது. கணக்கைச் சேர்க்கும்போது, அஞ்சலைச் சேவையகத்திலிருந்து படிக்கும் ஐமேப் இணைப்புக்கு 993 என்ற போர்ட் எண்ணும், அனுப்பும் வழியைப் பூட்டும் டிஎல்எஸ் பாதுகாப்பும் தேர்வாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் டிஎல்எஸ் காப்பது வழியை மட்டுமே. அஞ்சல் சேவை நடத்துபவரின் கணினியில் கடிதம் படிக்கக்கூடிய நிலையிலேயே கிடக்கும். கடிதத்தையே பூட்டுவதற்கு ஓப்பன்பிஜிபி என்ற பூட்டு முறை தேவை. சுசீந்திரம் கோயில் உண்டியலில் யார் வேண்டுமானாலும் காணிக்கை இடலாம், சாவி வைத்திருப்பவர் மட்டுமே திறக்கலாம் அல்லவா? மகன் ஊரறியக் கொடுக்கும் பொதுத் திறவி அந்த உண்டியலின் வாய். அவன் தன்னிடமே வைத்திருக்கும் தனித் திறவி அதன் சாவி. பொதுத் திறவியால் பூட்டும் கணக்கீடு மெதுவானது என்பதால், கடிதம் முதலில் ஒரு தற்காலிகத் திறவியால் விரைவாகப் பூட்டப்பட்டு, அந்தச் சிறிய திறவி மட்டுமே பொதுத் திறவியால் பூட்டப்படுகிறது. 1976இல் டிஃபி, ஹெல்மன் இருவரும் வெளியிட்ட பொதுத் திறவிக் கருத்து, 1991இல் ஃபில் சிம்மர்மனின் பிஜிபி என்ற நிரல் வழியாகப் பொதுமக்களின் கைக்கு வந்தது. 2020இல் வெளியான தண்டர்பேர்ட் 78 முதல் ஓப்பன்பிஜிபி நிரலுக்குள்ளேயே அமைந்துள்ளது. கிடைத்த பொதுத் திறவி மகனுடையதுதானா என்பதை, அதன் கைரேகை எனப்படும் எழுத்தெண் வரிசையைத் தொலைபேசியில் வாசித்து ஒப்பிட்டு உறுதிசெய்ய வேண்டும்; இதைத் தவிர்த்தால் வேறொருவரின் உண்டியலில் காணிக்கை விழும்.

பலர் கவனிக்காத ஓர் அமைப்பு முதன்மைக் கடவுச்சொல். அதை இடாவிட்டால், தொலைந்த பென் டிரைவை எடுத்தவர் நிரலைத் திறந்ததும் சேமித்த கடவுச்சொற்களும் தனித் திறவியும் அவர் வசமாகிவிடும். இட்டாலும், பூட்டாமல் வந்த சாதாரண அஞ்சல்களை அது மறைப்பதில்லை. எனவே, அஞ்சல்களின் நகலைக் கணினியில் (இங்கே பென் டிரைவில்) வைத்திருக்கும் விருப்பத்தை நீக்கிவிடலாம். வெராகிரிப்ட் என்ற பூட்டு நிரல் கொண்டு முழு அடைவையும் பூட்டலாம் என்றாலும், அதை விண்டோஸில் போர்ட்டபிளாக இயக்க நிர்வாகி உரிமை வேண்டும். அது பிரவுசிங் சென்டரில் அரிதாகவே கிடைக்கும்.

யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதை ஓப்பன்பிஜிபியும் மறைக்காது. தட்டச்சைப் பதிவுசெய்யும் தீநிரல் அந்தக் கணினியில் இருந்தால், முதன்மைக் கடவுச்சொல்லும் களவு போகும். ஆகவே வெளியிடங்களுக்கென்று வேறொரு முகவரியும் வேறொரு திறவி இணையும் (பொதுத் திறவியும் தனித் திறவியும்) உருவாக்கி, வீட்டின் முதன்மைத் திறவியை அந்தப் பென் டிரைவில் ஏற்றாமல் இருப்பதையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.