கைதான் ஸ்டீயரிங்கில் இருந்ததே, மேடம்!

போன வாரமும் அதே பதில்தான்.

எங்கள் ஆய்வகத்தில் என்ஜின் இல்லாத கார் ஒன்று மூன்று பெரிய திரைகளுக்கு நடுவே நிற்கிறது. உள்ளே உட்கார்ந்து ஓட்டினால் திரையில் சாலை நகரும். அன்று ஓட்ட வந்தவருக்கு இருபது வருட அனுபவம். ப்ளூடூத்தில் பேசிக்கொண்டே ஓட்டச் சொன்னோம். நிற்கும் பேருந்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சாலையில் இறங்கினார். ஓட்டியவரின் கால் பிரேக் பக்கமே போகவில்லை. "யாரும் வரலையே" என்றார். கண்ணசைவுப் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவருடைய பார்வை அந்தப் பெண்ணின் மேல் நன்றாகவே விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "கைதான் ஸ்டீயரிங்கில் இருந்ததே, மேடம்!"

காருக்கும் ஓட்டுபவருக்கும் இடையே நடப்பதை ஆராய்வது என் வேலை. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த எச்சரிக்கை எப்போது ஒலிக்க வேண்டும், இப்படி. கல்யாண வீட்டில் யாராவது கேட்டு நான் சொன்னால், "ஓ, மியூசிக் சிஸ்டமா?" என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் இந்தக் 'கை' விஷயத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை.

நம் மோட்டார் வாகனச் சட்டம் கையில் பிடிக்கும் போனைத்தான் பிடிக்கிறது. அதனால் கை சும்மா இருந்தால் பாதுகாப்பு என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் 2001-லேயே இதைச் சோதித்துப் பார்த்தார். போனில் பேசியவர்கள் சிக்னலைக் கவனிக்காமல் விட்டது இரண்டு மடங்கானது. கவனித்தவர்களும் தாமதமாகவே பிரேக் போட்டார்கள். போன் கையில் இருந்ததா, ஹேண்ட்ஸ்-ஃப்ரீயா என்பதால் எந்த வித்தியாசமும் இல்லை. பேச்சுக்குப் பதில் யோசிக்கும் மனசுதான் சாலையையும் பார்க்க வேண்டும். கண் திறந்திருந்தும், பேச்சு சுவாரசியத்தில் எதிரே இருப்பது தெரியாமல் போனது உங்களுக்கே நடந்திருக்குமே?

உடனே அடுத்த கேள்வி வரும்: "அப்படின்னா பக்கத்து சீட்டில் மனைவி பேசினால்?" ஐயா, அவர் சாலையைப் பார்க்கிறார். லாரி குறுக்கே வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு "பாத்து, பாத்து" என்பார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. அவர் வட்டிக் கணக்கைத் தொடர்வார். இதையும் அதே குழு 2008-ல் சோதித்தது. நெடுஞ்சாலையோரத்தில் குறிப்பிட்ட ஓய்விடம் வந்ததும் வண்டியை உள்ளே திருப்பச் சொன்னபோது, போனில் பேசியவர்களில் பாதிப்பேர் அதைத் தாண்டிப் போனார்கள். பக்கத்தில் ஆள் இருந்தவர்களில் பெரும்பாலானோர் சரியாகத் திரும்பினார்கள்.

டச் ஸ்கிரீன் மட்டும் சும்மாவா? 2022-ல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று கார்களை 110 கி.மீ. வேகத்தில் ஓட்டி, ரேடியோ, ஹீட்டர் போன்ற நாலு வேலைகளைச் செய்து பார்க்கச் சொன்னது. பொத்தான்கள் வைத்த 2005 மாடல் வோல்வோவில் 10 நொடி போதுமாக இருந்தது; 306 மீட்டருக்குள் முடிந்தது. திரையை நம்பிய புதுக் கார் ஒன்றில் 44.6 நொடி ஆனது, அதாவது ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர். எங்கள் துறை வெட்கப்பட வேண்டிய கணக்கு இது.

புதுக் கார் பார்க்கப் போனால் சன்ரூஃபை விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏசியைக் கூட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் விற்பனையாளரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். வாங்குபவர் சொன்னால்தான் கம்பெனிக்காரர் காதில் ஏறும்.

மேப்பில் ஊர் பேரை வீட்டு வாசலிலேயே போடுங்கள். சிக்னலில் நிற்கும்போது வாட்ஸ்அப் பார்ப்பதை நிறுத்துங்கள். கையே படாமல், வாயால் சொன்னால் வேலை செய்யும் கார்களின் குரல் கட்டளை அமைப்புகளைச் சோதித்தபோதுகூட, வேலை முடிந்த பிறகும் கவனம் முழுசாகத் திரும்ப 27 நொடி வரை ஆனதுண்டு. பச்சை விழுந்து 40 கி.மீ. வேகத்தில் போனால் அது 300 மீட்டர். அவசர அழைப்பா, பாதுகாப்பாக நிறுத்த இடம் பார்த்து ஒதுங்குங்கள். "ரெண்டே நிமிஷம்" எல்லாம் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை போனை எடுத்ததும் "சாப்பிட்டியா?" என்று கேட்கும் முன் "வண்டியிலயா இருக்கே?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வைத்துவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டான்.