ராணுவம் நுழையாத தீவு: எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

நாகப்பட்டினம் முதல் கோடியக்கரை வரை எந்தத் துறையில் பேச்செடுத்தாலும் கச்சத்தீவு வந்துவிடும். மீட்க வேண்டும் என்பார் ஒருவர். இரு நாட்டுப் படையும் நுழையாத இடமாக விட்டுவிடலாமே என்பார் இன்னொருவர். இரண்டாவது யோசனை உலகுக்குப் புதிதல்ல. ஆனால் நடுவில் கிடக்கிறது, ஆளில்லை என்பதற்காக மட்டும் ஒரு தீவு அதற்குத் தோதாகிவிடாது.

முதலில் பட்டா யார் பேரில் என்று தீர வேண்டும். தீராத தீவு தானே சண்டையை வரவழைக்கும். 2002 ஜூலையில், மொராக்கோவும் ஸ்பெயினும் உரிமை கோரும், மொராக்கோ கரையை ஒட்டிய பெரெஹில் என்ற பாறைத்தீவில் மொராக்கோ வீரர்கள் சிலர் இறங்க, ஸ்பெயின் கமாண்டோக்களை அனுப்பியது. அமெரிக்கா தலையிட்டு, பழையபடி யாரும் இல்லாமல் விடுவது என்று முடிவானது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே பால்டிக் கடலில் கிடக்கும் ஓலந்து தீவுகளின் கதை வேறு. பின்லாந்துக்கே உரியவை என்று 1921இல் முடிவான பிறகுதான், அதே ஆண்டு பத்து நாடுகள் அங்கே ராணுவம் கூடாது என்று கையெழுத்திட்டன.

அடுத்தது, நிலம் நிற்குமா என்ற கேள்வி. மணல் இடம் மாறுவதைக் கோடியக்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1970 புயலுக்குப் பின் வங்கக் கடலில் தலைகாட்டிய நியூ மூர் தீவுக்கு இந்தியாவும் வங்கதேசமும் உரிமை கோரிக்கொண்டிருந்தன. 2010க்குள் அது கடலுக்குள் போய்விட்டது. நீர் வற்றும்போது மட்டும் தெரியும் திட்டை நம்பி ஒப்பந்தம் எழுதக் கூடாது.

குடிநீர் இல்லாதது இந்த விஷயத்தில் நல்ல தகுதி. சுமார் 285 ஏக்கர் கச்சத்தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கே வெளியிலிருந்துதான் தண்ணீர் போக வேண்டும். படை தங்கினால் தண்ணீரும் டீசலும் ஓயாமல் படகில் வர வேண்டும். அதை மறைக்க முடியாது.

உண்மையான சிக்கல் சுற்றியுள்ள நீரில் இருக்கிறது. கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்கு வர இடம் தந்தது. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிய கடிதங்கள் இலங்கை நீரில் இந்தியப் படகுகள் மீன்பிடிப்பதை நிறுத்தின. தீவில் கால் வைக்கலாம், பக்கத்தில் வலை வைக்க முடியாது!

ஓலந்தில் தடை, தீவுகளைச் சுற்றி 3 கடல் மைல் வரை செல்லும். அதே அளவு வளையத்தைக் கச்சத்தீவைச் சுற்றி வைத்துப் பாருங்கள். இரு நாட்டுக் கடல் எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே சுமார் 1 கடல் மைலில்தான் போகிறது. ஆகவே வளையத்தில் ஏறக்குறைய 2 கடல் மைல் நம் பக்கம் விழும். அங்கே நம் கடற்படையும் நுழைய முடியாது. கச்சத்தீவைப் படை நுழையாத இடமாக விட்டுவிடலாம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலையைப் பற்றிய தகராறும் இதனால் தீராது. இலங்கை அந்த வலையை 2017இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அந்தத் தகராறுக்குத் தனிப் பேச்சுவார்த்தை வேண்டும்.

வளையத்தின் முனைகளை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். 1974 எல்லையின் முதல் புள்ளி வடக்கு 10 டிகிரி 05 நிமிடம், கிழக்கு 80 டிகிரி 03 நிமிடம். டிகிரியைத் தசமத்தில் காட்டும்படி வைத்த ஜிபிஎஸ்ஸில் அதை 10.05 என்று அடித்தால், கருவி 10 டிகிரி 03 நிமிடமாக எடுத்துக்கொள்ளும். புள்ளி 2 கடல் மைல் தெற்கே போய்விடும். எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்கிறோம் என்று நினைக்கிற படகு அந்தப் பக்கம் நிற்கும். சரியான எண் 10.0833. ஒப்பந்த இணைப்பில் இரண்டு வடிவங்களையும் அச்சிட்டுவிட்டால் பாதிக் குழப்பம் குறையும்.

எஞ்சின் நின்ற படகுக்கும் தனி விதி வேண்டும். வாடைக் காலத்தில் நீரோட்டம் மணிக்கு 1 கடல் மைல் இழுத்தால்கூட, 6 மணி நேரத்தில் 6 கடல் மைல்; வளையத்தையே தாண்டிவிடும். எந்த அலைவரிசையில் கூப்பிட வேண்டும், எந்த நாட்டு மீட்புப் படகு ஆயுதமில்லாமல் உள்ளே வரலாம், எத்தனை மணி நேரத்துக்குள் படகைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.