பீம் அந்தத்தில சரிஞ்ச வெடிப்பா? பூசி மறைக்காதீங்க

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பழைய வீட்டுக்கு மேல இன்னொரு மாடி எழுப்பின இடங்களப் பாக்கப் போனா நான் முதல்ல தேடுறது பீம் தூணோட சேர்ற இடத்தத்தான். பீமின்ட அடியில தூணுக்குக் கிட்டத் தொடங்கி மேல பீம் நடுப்பக்கமா சரிஞ்சு ஏறுற வெடிப்பு எண்டா அத லேசில விடேலாது. பாரம் நேர கீழதானே அமத்துது, வெடிப்பு ஏன் சரிவாப் போகுது எண்டு வீட்டுக்காரர் கேப்பாங்க, நல்ல கேள்வி அது.

தகைப்பு, அதாவது பாரத்தால உள்ளுக்க ஒரு அலகு பரப்பில வர்ற விசை, ஒரு புள்ளிக்கு ஒரே நம்பர் இல்ல, எந்தத் தளத்தால வெட்டிப் பாக்கிறம் எண்டதப் பொறுத்து மாறும். தூணுக்குக் கிட்ட பீமின்ட நடு உயரத்தில குத்தா வெட்டினா இழுவை அநேகமா இல்ல, ஷியர் (வெட்டின ரெண்டு பக்கத்தையும் ஒண்டுக்கொண்டு வழுக்கப் பாக்கிற தகைப்பு) மட்டும்தான், கிடையா வெட்டினாலும் அதே ஷியர்தான், ஆனா அதே புள்ளிய 45 பாகை சரிச்சு வெட்டினா ஷியர் பூச்சியமாகி அதே அளவு முழு இழுவையா வந்து நிக்கும், மற்றப் பக்கச் சரிவில அதே அளவு அமுக்கம். கொங்கிறீட் அமுக்கத்த நல்லாத் தாங்கும், இழுவையில அதின்ட பத்தில ஒரு பங்கு மட்டில்தான், 25 மெகாபாஸ்கல் அமுக்கம் தாங்கிற கொங்கிறீட் எண்டா இழுவைக்கு ரெண்டரை போல. அதான் அந்தச் சரிவாலயே பிளக்குது. சோக்கட்டி ஒண்ட முறுக்கி உடைச்சுப் பாருங்க, சுருள் மாதிரி 45 பாகையிலதான் உடையும். 1882ல மோர் எண்ட ஜெர்மன் எஞ்சினியர் காட்டின வட்டம் இதத்தான் ஒரே படத்தில தருது.

பீம் நடுவில, கீழ வர்ற மெல்லிய குத்து வெடிப்பு வேற கதை, அத அடிக்கம்பி பிடிக்கும். சரிஞ்சத மறிக்கிறது அடிக்கம்பி, மேல்கம்பியச் சுத்திக் கட்டுற வளையக் கம்பிதான், அது போதாம இருந்தா பீம் பெருசா எச்சரிக்காமலே திடீரெண்டு போகலாம், எனக்குப் பயம் அதிலதான். கம்பி கட்டுற நேரமே டேப் பிடிச்சு அளந்து பாருங்க. பீமின்ட மேல் விளிம்பில இருந்து அடிக்கம்பி வரைக்கும் உள்ள ஆழத்தில முக்கால்வாசிக்கு மேல வளையங்களுக்கு இடையில இடைவெளி போகக் கூடாது, அதுவும் ஆகக்கூடின எல்லை, தூணுக்குக் கிட்ட டிசைன் அநேகமா இன்னும் நெருக்கமாக் கேக்கும். நடுவில விட்ட இடைவெளியவே மேசன் பாஸ் கடைசி வரைக்கும் கொண்டு போனா நிப்பாட்டுங்க. ஏசி பைப்புக்கு அந்த இடத்தில பீம்ல ஓட்டை போட விடவே வேணாம்.

ஏற்கனவே வெடிப்பு இருந்தா பூச்சக் கொஞ்சம் கொத்தி உள்ள கொங்கிறீட்லயும் இருக்கா பாருங்க. இருந்தா ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு போட்டு திகதி எழுதுங்க, மேல இருக்கிற தண்ணி டாங்கிய வெறுமையாக்குங்க, ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர் ஒராள் வந்து பாக்கும் வரைக்கும் பீமுக்கு முட்டுக் குடுத்து வைங்க.