வழாநிலை: ‘வெல்-ஃபார்ம்டு’ என்பதற்குத் தமிழ்

“உங்கள் வார்ப்புரு நன்கு உருவாக்கப்படவில்லை என்பதால் அதைப் பாகுபடுத்த முடியவில்லை. அனைத்து எக்ஸ்எம்எல் தனிமங்களும் முறையாக மூடப்பட்டிருப்பதை உறுதிசெய்யவும்.”

பிளாகர் என்ற கூகுளின் வலைப்பதிவுச் சேவையில் டெம்ப்ளேட்டில், அதாவது அந்த ‘வார்ப்புரு’வில், கை வைத்து, சேமி பொத்தானை அழுத்தியவர்களுக்கு இந்த வாசகமோ இதன் பங்காளி ஒன்றோ கண்ணில் பட்டிருக்கும். ‘எலிமென்ட்’ என்பதற்குத் ‘தனிமம்’ இங்கே எதற்கு வந்தது, ஹைட்ரஜனையா மூடச் சொல்கிறார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு ஆத்திரம் வருவது, ‘வெல்-ஃபார்ம்டு’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் போட்ட அந்த ‘நன்கு உருவாக்கப்பட்ட’ என்பதில்தான். பிழைச் செய்தியோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். இப்போது பாடக் குறிப்புகளிலும் கணினித் தமிழ்க் கட்டுரைகளிலும் அதுவே கலைச்சொல் போல நடமாடுகிறது.

மூலச் சொல்லின் கதை சுருக்கம்தான். வெல்-ஃபார்ம்டு என்பது தருக்கவியலில் இருந்து வந்த சொல். 1930களில் அலோன்சோ சர்ச் போன்ற தருக்கவியலாளர்கள் குறிகளைக் கோத்து எழுதும் வாய்பாடுகளில் எது விதிப்படி கோக்கப்பட்டது, எது வெறும் குறிக்குவியல் என்று பிரிக்க அதைப் பயன்படுத்தினார்கள். 2 + 2 = 5 என்பது பொய், ஆனாலும் வெல்-ஃபார்ம்டு. 2 + = ( 5 என்பது பொய்கூட இல்லை, அது ஒரு கூற்றே இல்லை. அங்கிருந்து ஆவணத்தின் பகுதிகளை டேக் என்ற குறிகளால் திறந்து மூடிக் காட்டும் குறிமொழிகளுக்கு வந்தது. 1986இல் ஐஎஸ்ஓ தரமான எஸ்ஜிஎம்எல் மொழியில் ஒரு ஆவணத்தை முழுதாகப் படிக்க, அதன் இலக்கணத்தைச் சொல்லும் டிடிடி என்ற தனி வரையறை வேண்டியிருந்தது. 1998 பிப்ரவரியில் வந்த அதன் வாரிசான எக்ஸ்எம்எல் அந்தச் சுமையை இறக்கிவைத்தது: வரையறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திறந்ததை மூடு, உள்ளே திறந்ததை உள்ளேயே மூடு, பண்புகளின் மதிப்பை மேற்கோள் குறிக்குள் போடு, அது போதும் என்றது. இந்த ‘அது போதும்’ என்ற நிலைக்குத்தான் வெல்-ஃபார்ம்டு என்று பெயர். வரையறைக்கும் பொருந்தினால் அது வேலிட். ஆக இரண்டு தனித்தனிப் படிகள்.

சரி, இப்போது தமிழுக்கு வருவோம்.

‘நன்கு’ என்பது தமிழில் அளவைச் சொல்லும் சொல். நன்கு வெந்தது, கொஞ்சம் வெந்தது, இன்னும் வேக வேண்டும் என்று ஏற்ற இறக்கம் உண்டு. வெல்-ஃபார்ம்டில் அந்த ஏற்ற இறக்கம் கிடையாது. ஆயிரம் வரி டெம்ப்ளேட்டில் ஒரே ஒரு டிவ் டேக் மூடப்படாமல் இருந்தாலும் மொத்தமும் போச்சு. முக்கால்வாசி வெல்-ஃபார்ம்டு என்று ஒன்று இல்லை. அடுத்தது, ‘நன்கு உருவாக்கப்படவில்லை’ என்றால் படிப்பவர் காதில் விழுவது ‘உன் வேலை மட்டம்’ என்பதுதான். பாவம், அவர் வண்ணங்களை மாற்றிப் பார்க்கிறார், பக்கப்பட்டையின் அகலத்தைக் குறைத்துப் பார்க்கிறார். பிழை இருப்பதோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய விளம்பர நிரலில், இணைய முகவரி ஒன்றின் நடுவே தனியாக நிற்கும் & குறியில். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறியை அப்படியே எழுதக் கூடாது, அதன் பின்னால் ஏ, எம், பி என்ற மூன்று எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வர வேண்டும். இதற்கும் ‘நன்கு’ என்பதற்கும் என்ன சம்பந்தம்?

இதைச் சொன்னால் உடனே ஒரு நண்பர் கூட்டம் ‘நல்லுரு’ என்று ஒரு சொல்லோடு வரும். நல்லுரு ஆவணம், நல்லுருவின்மை. சுருக்கமாக இருக்கிறது, வல்லின மெய் மிகுமா மிகாதா என்ற தகராறும் இல்லை, பார்த்தால் கலைச்சொல் மாதிரியே இருக்கிறது. ஆனால் இது ஆங்கிலச் சொல்லின் இரண்டு துண்டையும் தனித்தனியாக எடுத்து ஒட்டிய சொல், அவ்வளவுதான். வெல் என்றால் நல், ஃபார்ம் என்றால் உரு. தமிழில் உரு என்றால் கண்ணுக்குத் தெரிவது. அருவம், உருவம் என்று சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. டெம்ப்ளேட்டில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்துக்கொள்வது சிஎஸ்எஸ், அதற்கும் இந்தப் பிழைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பார்க்க லட்சணமாக இருக்கும் டெம்ப்ளேட் இந்தச் சோதனையில் விழும், பார்க்கவே சகிக்காத ஒன்று முதல் தடவையிலேயே தேறிவிடும். வேற்றுமை உருபு என்கிறோமே, அதில் உரு இலக்கணப் பொருளில்தானே வருகிறது என்று ஒருவர் மடக்கினார். வருகிறது, ஆனால் ‘நல்லுரு’ என்று கேட்கும்போது யாருக்கு ஐ, ஆல், கு நினைவுக்கு வரும்? போதாக்குறைக்கு, ‘வார்ப்புரு நல்லுருவில் இல்லை’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். ஒரே மூச்சில் இரண்டு உரு, வாயில் நுழையவில்லை.

‘சரியான’ என்று போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எளிமைதான், ஆனால் அப்புறம் வேலிட் என்பதற்கு என்ன செய்வார்கள்? அதற்கும் ‘சரியான’தான். இரண்டு படிகளையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டால், ‘இந்த ஆவணம் சரியானது, ஆனால் சரியானதல்ல’ என்று எழுத வேண்டி வரும். இப்படி எழுதிய பாடக் குறிப்பை நான் படித்தே இருக்கிறேன்.

நமக்கு இதற்கெல்லாம் புதிதாகச் சொல் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இலக்கணத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று படித்தோம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலேயே இருக்கிறது. ‘கல்யாணி வந்தது’ என்றால் வழு, உயர்திணையில் தொடங்கி அஃறிணையில் முடிகிறது. ‘கல்யாணி வந்தாள்’ வழாநிலை. கல்யாணி உண்மையில் வந்தாளா என்ற கேள்வியே இங்கே எழாது. அவள் வராமலே இருந்தாலும் வாக்கியம் வழாநிலைதான். எழுவாய் எதைத் திறந்ததோ அதைப் பயனிலை மூடுகிறதா என்று மட்டும் பார்ப்பது, இதைவிடப் பொருத்தமாக வெல்-ஃபார்ம்டை வேறு எப்படிச் சொல்வது? வழு என்ற சொல்லைக் கட்டற்ற மென்பொருள்காரர்கள் ‘பக்’ என்பதற்கு ஏற்கெனவே எடுத்துப் பழக்கிவிட்டார்கள், அதனால் குடும்பத்தில் ஒன்று வந்து குடியேறியாகிவிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மூன்றாவது சொல். நாளை போவதை இன்றே ‘நாளைக்கு ஊருக்குப் போகிறேன்’ என்கிறோம், வருங்காலத்துக்கு நிகழ்கால வினை. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று உவகையில் சொல்வதை நன்னூல் உரைகாரர்கள் காட்டுவார்கள். விதிப்படி இவை வழு, ஆனால் காரணம் கருதி ஏற்கிறோம், அதுதான் வழுவமைதி. வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லைப் பிரவுசர்கள் நடத்துவது அச்சாக இப்படித்தான். பத்தி டேக்கை மூடாமல் விட்டீர்களா, அடுத்த பத்தி வந்ததும் தானே மூடிக்கொள்ளும். தடித்த எழுத்தைத் திறந்து, உள்ளே சாய்ந்த எழுத்தைத் திறந்து, தடித்ததை முதலில் மூடினீர்களா, பரவாயில்லை என்று சமாளிக்கும். எச்டிஎம்எல் 5 ஒரு படி மேலே போய், எந்தப் பிழையை எப்படிச் சமாளிக்க வேண்டும் என்பதையே விதியாக எழுதி வைத்தது. எக்ஸ்எம்எல்லோ ஒரு வழு கண்டாலும் அது உயிர்க்கொல்லிப் பிழை, மேற்கொண்டு படிக்காதே என்று கட்டளை இடுகிறது. பிளாகர் டெம்ப்ளேட்டுகள் எக்ஸ்எம்எல்லாக எழுதப்படுபவை. அதனால்தான் பிரவுசரில் தனிக் கோப்பாகத் திறந்தால் பளிச்சென்று தெரியும் அதே நிரல், டெம்ப்ளேட்டில் ஒட்டினால் சேமிக்க மறுக்கிறது. ‘அங்கே வேலை செய்கிறதே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவரிடம், அங்கே வழுவமைதி, இங்கே வழாநிலை மட்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ‘நன்கு உருவாக்கப்பட்ட’ என்பதை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள் பார்ப்போம்.

மறுப்பு ஒன்று நியாயமானது. வழுக்கள் ஏழு: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. இதில் மரபு வழு கட்டமைப்பைப் பற்றியதே இல்லை. யானைக் கன்றைக் குட்டி என்பது டேக் மூடாத கதை அல்ல. உண்மை. ஆனால் இலக்கணத்தில் இருந்து எடுக்கும் சொல் கணினிக்கு வரும்போது கொஞ்சம் குறுகுவது எல்லா மொழியிலும் நடப்பதுதான், இலக்கணத்தில் தொடரமைப்பைக் குறித்த சின்டாக்ஸ் அப்படி வந்த சொல் இல்லையா? வேலிட் என்பதற்கு ஏற்கெனவே புழங்கும் ‘ஏற்புடைய’ இருக்கட்டும். வழாநிலை ஆவணம், ஏற்புடைய ஆவணம், கணக்குத் தீர்ந்தது.

‘வழாநிலை யாருக்குப் புரியும்’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புரியாத சொல்லைக் கண்டால் மனிதன் தேடிப் பார்ப்பான், ‘நன்கு உருவாக்கப்பட்ட’ போல புரிந்துவிட்டதாக ஏமாற்றும் சொல்தான் ஆபத்து. இருந்தாலும் பிழைச் செய்தியில் கலைச்சொல்லே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கலைச்சொல் பாடநூலுக்கு. திரையில் ‘மூடாத டேக் ஒன்று இருக்கிறது’ என்று போடுங்கள், கூடவே ‘இந்த வரிக்கு மேலே தேடுங்கள்’ என்றும் போடுங்கள், ஏனென்றால் செய்தி காட்டும் வரி எண் பிழை நடந்த இடம் அல்ல, பிழை பிடிபட்ட இடம். மேலே எங்கோ மூடாமல் விட்ட டிவ், கடைசியில் ‘பாடி’ (body) என்ற டேக் மூடும் இடத்தில்தான் மாட்டும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் போவதன் காரணமும் எனக்குத் தெரியும். அவர்கள் முன்னால் டெம்ப்ளேட் இல்லை, விரிதாளில் ஒரு ஆங்கில வரி மட்டும் இருக்கிறது, பக்கத்துக் கட்டத்தை நிரப்பினால் காசு. அப்படித்தான் அந்த & பிழைக்கான செய்தி, என்டிட்டி (& குறியைப் போட்டு அழைக்கும் பெயர்) என்ற சொல் அகராதியில் போய் மோதி, ‘நிறுவனத்திற்கான குறிப்பு ; எல்லைக்குறியுடன் முடிய வேண்டும்’ என்று வந்து நிற்கிறது. எந்த நிறுவனம், யாருடைய எல்லை? ‘& குறிக்குப் பின் அரைப்புள்ளி இல்லை’ என்று எழுதினால் வேலை முடிந்தது.